பிரேக் கத்துது, என்ன செய்யலாம்? மலைநாட்டு வண்டிக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

இலங்கை மலைநாட்டில், ஹட்டனில் ஒரு உதிரிப்பாகக் கடையின் கவுண்டரில் நிற்பவன் நான். "பிரேக் கத்துது, பேட் ஒரு செட் குடுங்க" என்று வருகிறவர்களிடம், எப்போது கத்துகிறது என்று திருப்பிக் கேட்டால் முழிப்பார்கள். பேட்டை (பிரேக் பிடிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இரண்டு பக்கமும் கவ்வும் கட்டைகளை) மாற்றிக்கொண்டு போவார்கள், கொஞ்ச நாளில் அதே சத்தத்தோடு வருவார்கள். அப்படி வந்தவர்கள் கேட்டதை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன். அல்டோ, விட்ஸ், வேகன் ஆர், டொல்பின் வேன் என்று இந்தப் பக்கம் அதிகம் ஓடும் வண்டிகளை மனதில் வைத்து எழுதியது.

சத்தம் பிரேக்கில இருந்துதான் வருதுன்னு எப்படி உறுதியா சொல்றது?

வண்டி நிற்கும்போதே, எஞ்சின் ஓடினால் கத்துகிறதா? அது பிரேக் இல்லை, பெரும்பாலும் பெல்ட். ஈரமான காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கீச்சென்று கத்திவிட்டு அடங்குவது அதுதான். வண்டி உருளும்போது கத்தி, பிரேக்கில் கால் வைத்ததும் சத்தம் கூடினாலோ குறைந்தாலோ நின்றாலோ அது பிரேக். கால் வைத்தாலும் எடுத்தாலும் மாறாமல், வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடுகிற ஊங்காரம் வீல் பேரிங்காக இருக்கலாம். வளைவுக்கு நம் ரோட்டில் பஞ்சமில்லை, சோதித்துப் பார்ப்பது சுலபம்.

எந்தச் சக்கரம் என்று தெரியவில்லையா? கண்ணாடியை இறக்கிவிட்டு, மலையை வெட்டிய மண்சுவர் ஓரமாக மெதுவாகப் போங்கள். சுவரில் பட்டு வரும் சத்தம் அந்தப் பக்கச் சக்கரத்தைத் தெளிவாகக் காட்டிக்கொடுக்கும். மறுபக்கச் சக்கரங்களை, அதே வழியில் திரும்பி வரும்போது கேளுங்கள்.

காலைல எடுக்கயில மட்டும் கரகரன்னு சத்தம். ரெண்டு தரம் பிரேக் புடிச்சா போயிடுது. செலவு இருக்கா அண்ணே?

இல்லை தம்பி. டிஸ்க் வார்ப்பிரும்பு. இரவு முழுக்க மழையும் மூடுபனியுமாக இருக்கிற ஊரில் விடிவதற்குள் அதன் மேல் மெல்லிய துரு படிந்துவிடும். பேட் அதைச் சுரண்டுகிற சத்தம்தான் நீங்கள் கேட்பது. தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா பக்கம் இதைக் கேட்காத வண்டி இல்லை.

வண்டியைக் கழுவி உடனே நிறுத்தினாலும் இதுவே நடக்கும். கழுவியபின் சும்மா ஒரு சுற்று ஓட்டி, நாலைந்து முறை மெதுவாகப் பிரேக் பிடித்துக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். சில கிலோமீற்றர் ஓடியும் சத்தம் போகவில்லை என்றால்தான் மேலே படிக்க வேண்டும்.

ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு அர்த்தம் இருக்காமே?

கிட்டத்தட்ட. மெல்லிய, காதைக் குத்தும் கீச்சொலி என்றால் பேட்டோ டிஸ்க்கோ நடுங்குகிறது, அல்லது பேட் தேய்ந்து அதிலுள்ள எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசுகிறது. 'கர்ர்' என்று காலில் உணரும்படி அரைத்தால் பேட் தீர்ந்து இரும்பும் இரும்பும் உரசுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். அதோடு இறக்கத்தில் இறங்க வேண்டாம். குழியில் விழும்போது 'டக் டக்' என்றால் பேட்டைப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது அதைக் கடைசியாகக் கழற்றியவர் திரும்பப் போடாமல் விட்டிருப்பார். இந்தக் கடைசிக் காரணம் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

எச்சரிக்கைத் தகடுன்னா என்ன? எல்லா பேட்லயும் இருக்கா?

பேட்டின் ஓரத்தில் வளைந்து நிற்கும் சின்ன இரும்பு நாக்கு. உராயும் பொருள் ஏறக்குறைய 2 மில்லிமீற்றருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கத்தத் தொடங்கும். சும்மா உருளும்போது கத்தி, பிரேக் பிடித்ததும் அடங்கினால் பெரும்பாலும் இதுதான். மலிவான பேட்டுகள் சிலவற்றில் இந்த நாக்கே இருக்காது. அதனால் 'கத்தவில்லை, ஆகவே பேட் இருக்கிறது' என்று நம்பக்கூடாது.

டயர் கழட்டாம பேட் எவ்வளவு இருக்குன்னு பாக்க முடியுமா?

அலோய் வீல் என்றால் ஆரங்களுக்கு இடையே டோர்ச் அடித்து வெளிப்பக்க பேட்டைப் பார்க்கலாம். புதிய பேட் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். 3 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். சமவெளியில் ஓடுகிறவர் இன்னும் கொஞ்ச நாள் தள்ளலாம். கினிகத்தேனை இறக்கத்தை வாரத்தில் பல முறை இறங்குகிறவர் தள்ளக்கூடாது. மெல்லிய பேட் சூட்டைத் தாங்காது, அந்தச் சூடு நேராக, பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்கும் பிரேக் ஒயிலுக்கும் போகும்.

உட்பக்க பேட் வெளியில் இருந்து தெரியாது. பல வண்டிகளில் அதுதான் முதலில் தேயும். ஆகவே டோர்ச்சில் பார்த்து திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

எங்க லயத்துப் பக்கம் சமதளமே இல்ல. சரிவுல ஜேக் போட்டுக் கழட்டலாமா?

கூடாது. சரிவில் ஜேக் சாயும், வண்டி உங்கள் மேல் வரும். தோட்டத்தில் தேடினால் சமதளம் கிடைக்காமல் போகாது: கொழுந்து மடுவத்துக்கு முன்னால், கோயில் முன்றலில், விளையாட்டு மைதானத்து ஓரத்தில். கேட்டுக்கொண்டு அங்கே கொண்டுபோங்கள்.

நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். முன் சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் டயருக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். பின் ட்ரம்மை (டிஸ்க்குக்குப் பதிலாகச் சக்கரத்தில் இருக்கும் மூடிய பிரேக் பானையை) திறப்பதாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விடவேண்டி வரும், அப்போது வண்டியைக் கியரில் போட்டு (ஓட்டோ கியர் என்றால் பார்க்கில்) முன் டயர் இரண்டுக்கும் கல். தூக்கிய வண்டிக்கு ஸ்டாண்ட் கொடுக்காமல் ஜேக்கை மட்டும் நம்பிக் கீழே கை விடக்கூடாது. கழற்றிய டயரை வண்டிக்கு அடியில் படுக்கவைப்பது கூடுதல் காவல். திரும்பப் பூட்டும்போது நட்டுகளை வரிசையாக இல்லாமல் எதிரெதிராக இறுக்குங்கள்.

பேட் தடிப்பாத்தான் இருக்கு. ஆனாலும் இறக்கத்துல கத்துது. ஏன்?

இந்த ஊர்ச் சத்தத்தில் பெரும்பகுதி இதுதான் என்பது என் கணிப்பு. பேட்டைக் கழற்றிப் பாருங்கள்: முகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், விரலால் தடவினால் வழுக்கும். அதிக சூட்டில் பேட்டில் உள்ள பசைப்பொருள் மேலே வந்து இறுகிப்போனதன் அடையாளம் அது. அந்த முகம் டிஸ்க்கைச் சரியாகக் கவ்வாமல் வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். அந்த நடுக்கமே கீச்சொலி.

சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து ரம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் ஆயிரம் மீற்றருக்கு மேலேயே கீழே வருகிறீர்கள். ஆட்களோடு ஒரு டொன் எடையுள்ள கார் ஆயிரம் மீற்றர் இறங்கும்போது வெளியாகும் சக்தி, 30 லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். எஞ்சினுக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கவில்லையோ அவ்வளவும் பேட்டுக்குத்தான் போகும்.

ஆகவே மருந்து பாதி கையில், பாதி காலில். ஏறும்போது எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் வண்டியில் 'எல்', 'எஸ்', '2' என்று இருப்பதெல்லாம் இதற்குத்தான். பிரேக்கில் காலை மெதுவாக வைத்தபடியே முழு இறக்கமும் வராமல், நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுதாகக் காலை எடுங்கள். எடுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். இதை மாற்றாதவருக்குப் புது பேட் கொடுத்தாலும் அதுவும் பளபளத்துக்கொண்டு திரும்பி வரும்.

நியூட்ரல்ல விட்டா பெற்றோல் மிச்சம், சத்தமும் இல்லன்னு கூட்டாளி சொல்றான்?

2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் இதைச் செய்தவர்கள் பலரை எனக்குத் தெரியும். இன்னும் விடவில்லை. கார்புரேட்டர் காலத்து யோசனை இது. இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் இருக்கும்போது அக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தால், எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுழலும்வரை பெற்றோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெற்றோல் குடிக்கும். மிச்சமும் இல்லை, முழு எடையும் பேட்டின் மேல்.

எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரே வார்த்தை: இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு, மிதியை லேசாக்கும் பூஸ்டரில் காற்றழுத்த உதவி தீர்ந்து பிரேக் கல்லாகிவிடும். ஸ்டியரிங் கனமாகிவிடும், சாவியை முழுதாகத் திருப்பினால் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

பளபளக்கற பேட்ட சேண்ட் பேப்பர் போட்டு தேச்சா சரியா?

தடிப்பு போதுமானதாக இருந்தால் தேய்க்கலாம். 80 அல்லது 120 இலக்க சேண்ட் பேப்பரைத் தட்டையான பலகையில் விரித்து, பேட்டை அதன்மேல் வைத்து, பளபளப்பு போய் மங்கலாகும்வரை மெதுவாகத் தேயுங்கள். கையில் பிடித்துத் தேய்த்தால் முகம் ஏறி இறங்கிப் போகும். டிஸ்க்கின் முகத்தையும் லேசாகத் தேய்த்துவிட்டு, பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தத் துணியால் துடையுங்கள். வெடிப்பு விழுந்த பேட்டும், ஒயில் ஊறிய பேட்டும் தேய்த்தாலும் சரிவராது, மாற்றத்தான் வேண்டும்.

தேய்க்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ வேண்டாம். பழைய பேட்களிலும் ட்ரம் பிரேக்கின் லைனர்களிலும் கல்நார் (அஸ்பெஸ்டஸ்) இருந்தது. உங்கள் வண்டியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஈரத் துணியால் துடைத்து, துணியை வீசிவிடுங்கள்.

பேட்ல கொஞ்சம் கிறீஸ் தடவுனா சத்தம் நிக்குமாமே? டபிள்யூடி-40 அடிக்கலாமா?

சத்தம் நிற்கும், வண்டி நிற்காது! பேட்டின் முகத்திலோ டிஸ்க்கிலோ ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாது.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், பேட்டின் முதுகில், அதாவது பிஸ்டன் தொடும் இரும்புத் தகட்டில், பிரேக்குக்கென்றே வரும் கிறீஸை மெல்லியதாகத் தடவுவது சரியான முறை. பேட்டின் இரண்டு காதுகள் உட்காரும் இடத்திலும் அப்படியே. நடுக்கம், பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் கலிப்பருக்குக் கடத்தப்படாமல் அது தடுக்கும். சாதாரண பேரிங் கிறீஸ் சூட்டில் உருகி முகத்துக்கு ஓடிவரும், ரப்பரையும் ஊதவைக்கும். பிரேக் கிறீஸ் ஒரு சின்ன டியூப் வாங்கினால் பல வருடத்துக்கு வரும்.

புது பேட் போட்டு ஒரு வாரந்தான் ஆகுது. முன்னவிட மோசமா கத்துது!

மூன்று இடம் பாருங்கள். முதலாவது, பழைய பேட்டின் முதுகில் இருந்த மெல்லிய தகடும் கிளிப்புகளும் திரும்ப ஏறியதா? குப்பைக்குப் போயிருந்தால் கத்தாமல் என்ன செய்யும். இரண்டாவது, டிஸ்க்கின் வெளி விளிம்பில் தேயாத ஒரு வரம்பு எழும்பி நிற்கும், புது பேட் அதில் மோதும். மூன்றாவது, பேட் டிஸ்க்கோடு பழகவில்லை.

பழக்குவது இப்படி: ஆள் நடமாட்டமில்லாத நேராக உள்ள ரோட்டில் 50 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து 10 வரை திடமாகப் பிரேக் பிடித்துக் குறையுங்கள், முழுதாக நிறுத்தாமல். கொஞ்சம் ஓடி ஆறவிட்டு மறுபடியும். எட்டுப் பத்து தடவை போதும். கடைசியில் பிரேக்கைத் தொடாமல் சில கிலோமீற்றர் ஓட்டுங்கள். புது பேட் போட்ட அன்றே எல்ல – வெல்லவாய இறக்கத்துக்குப் போனால், பழகுவதற்கு முன்பே மேலே சொன்ன பளபளப்பு வந்துவிடும்.

இன்னொன்று, விலை. பெட்டியில் பெரிய பெயர் அச்சடித்த போலிச் சரக்கு நிறைய ஓடுகிறது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இருந்து பாதி விலைக்கு எடுத்துவந்ததாகச் சொல்லிக் காட்டும் பேட்டில், எழுத்து நகத்தால் சுரண்டினாலே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

கழட்டிப் பாத்தா உள் பேட் தகடாயிடுச்சு, வெளி பேட் அப்பிடியே இருக்கு. எப்படி?

கலிப்பர் வழுக்கி நகர வேண்டிய பின்கள் இறுகிவிட்டன. அதனால் பிஸ்டன் பக்கத்து பேட் மட்டும் வேலை செய்கிறது. மழைத் தண்ணீர் ரப்பர் உறைக்குள் போனால் இப்படி ஆகும். பின்னைக் கழற்றிப் பழைய கிறீஸைத் துடைத்து, துரு இருந்தால் சுத்தம் செய்து, சிலிக்கன் கிறீஸ் போடுங்கள். கையால் தள்ளினால் தடையில்லாமல் ஓட வேண்டும். உறை கிழிந்திருந்தால் புது உறை போடாமல் மூடாதீர்கள். வெளி பேட் மட்டும் தேய்ந்திருந்தாலும் முதலில் பின்னைத்தான் பாருங்கள். பின் நன்றாக ஓடுகிறது, ஆனால் பிஸ்டன் உள்ளே போக மறுக்கிறது என்றால் கராஜ் வேலை.

பேட் மாற்றும்போது அந்த அச்சில் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஈர ரோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பிஸ்டன உள்ள தள்ளும்போது பிரேக் ஒயில் டாங்கில நிரம்பி வழியுது. பரவாயில்லையா?

பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். தள்ளும் முன் டாங்கியில் இருந்து கொஞ்சம் எடுத்துவிடுவது நல்லது.

இதைவிட முக்கியம் அடுத்தது. எல்லாம் பூட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன், மிதி கெட்டியாகும்வரை பிரேக்கைப் பல தடவை மிதியுங்கள். பின்னால் தள்ளிய பிஸ்டன் திரும்பி வந்து பேட்டைத் தொடும்வரை உங்களுக்குப் பிரேக்கே இல்லை. முதல் மிதி தரைவரை போகும். அதைச் சரிவில் உருளும்போது கண்டுபிடிக்கக்கூடாது.

பின்னால ட்ரம்ல கிறீச்சுன்னு சத்தம். ஆட்டோவுக்கும் இதே வைத்தியமா?

அல்டோ, விட்ஸ் போன்றவற்றில் பின்னால் ட்ரம்தான். இங்கே ஓடும் பழைய மொடல் பஜாஜ் ஆட்டோவில் மூன்று சக்கரமும் ட்ரம். ட்ரம்முக்குள் லைனர் தூசி சேர்வது முதல் காரணம். லைனர் ஒட்டிய ஷூ உட்காரும் தகட்டில் அது உரசும் இடங்கள் காய்ந்து போவது இரண்டாவது. தூசியை ஈரத் துணியால் துடைத்து, அந்த உரசும் இடங்களில் மட்டும் பிரேக் கிறீஸை நகத்தளவு வையுங்கள்.

ட்ரம்முக்குள் ஒயில் கசிவு தெரிந்தால் வீல் சிலிண்டர் போய்விட்டது. லைனரையும் சேர்த்து மாற்ற வேண்டும். தண்ணீர் ஓடும் ரோட்டைக் கடந்தபின் ட்ரம் பிடிக்காமல் போவது வேறு விஷயம். மெதுவாக ஓட்டியபடி லேசாகப் பிரேக் பிடித்துக்கொண்டே போனால் காய்ந்துவிடும்.

தோட்டத்து ரோட்டுல போனதுக்கப்புறம் திடீர்னு தகரத்தச் சுரண்டற மாதிரி நிக்காம சத்தம்.

டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தூசித் தகட்டுக்கும் நடுவில் கல் மாட்டியிருக்கும். சமதளத்தில் மெதுவாக ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள், பல தடவை விழுந்துவிடும். விழாவிட்டால் டயரைக் கழற்றி, தகட்டை விரலால் கொஞ்சம் வெளியே வளைத்து எடுங்கள்.

பிரேக் புடிச்சா ஸ்டியரிங் ஆடுது. டிஸ்க்க கடையணும்னு கராஜ் பாஸ் சொல்றார்.

சரியாக இருக்கலாம். டிஸ்க்கின் தடிப்பு ஒரே சீராக இல்லாவிட்டால் ஆடும். லேத்தில் கடையலாம், ஆனால் டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவிலோ குறைந்தபட்சத் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்று பொறித்திருக்கும். கடைந்த பிறகு அதைவிடக் குறைந்தால் அந்த டிஸ்க் வேண்டாம். கொதிக்கும் சக்கரத்தில் அருவித் தண்ணீரை வாரி ஊற்றுகிற பழக்கமும் டிஸ்க்கைக் கோணலாக்கும், வெடிக்கவும் வைக்கும்.

அக்வா ஹைபிரிட் வச்சிருக்கேன். நானே பேட் கழட்டலாமா?

வேண்டாம் என்பேன். சாரதிப் பக்கக் கதவைத் திறந்ததுமே பிரேக் கொம்பியூட்டர் விழித்துத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் அமைப்பு டொயோட்டா ஹைபிரிட்களில் உண்டு. பேட் வெளியே இருக்கும்போது அது நடந்தால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். தெரிந்த இடத்தில் கொடுங்கள்.

ஹைபிரிட்டில் சாதாரண ஓட்டத்தில் மோட்டரே வேகத்தைக் குறைப்பதால் பேட் அதிகம் உரசாது, துரு தங்கிவிடும். காலைச் சத்தம் இவற்றில் கொஞ்சம் நீளமாக இருப்பது அதனால்தான். இன்னொரு விஷயம் மலையில்தான் தெரியும்: நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் மோட்டர் பிடிப்பது குறைந்து, வேலை பேட்டுக்கு வரும். கியரை 'B' யில் (பார்க்குக்கான 'P' அல்ல) போட்டு இறங்குங்கள், எஞ்சின் உதவிக்கு வரும்.

சத்தமே இல்லண்ணே. ஆனா இறங்கி வரயில கருகின வாடை, மிதி பஞ்சு மாதிரி போகுது.

கத்துகிற பிரேக்கைவிட எனக்குப் பயம் இதுதான். வாடை வருவது பேட் எரிகிற சூடு. மிதி பஞ்சாவது பிரேக் ஒயில் கொதித்துக் குழாயில் ஆவி நிற்பதால். மிதியை அடித்து அடித்து மிதித்தால் கொஞ்சம் பிடிக்கும், அதற்குள் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து ஓரம் கட்டுங்கள். டயருக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரமாவது தானாக ஆறட்டும்.

ஆறியதும் மிதி சரியாகிவிடும், அதை நம்பி அப்படியே விட்டுவிடுவார்கள். பிரேக் ஒயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 (DOT 3) தர ஒயிலுக்குப் புதிதாகக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 பாகை செல்சியஸ், ஈரம் ஏறியபின் 140. டொட் 4க்கு 230, பிறகு 155. நம் ஈரத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுதாக மாற்றுங்கள். டொட் 3 கேட்கும் வண்டிக்கு டொட் 4 ஊற்றலாம். டொட் 5 சிலிக்கன் வகை, அதைக் கலக்கவே கூடாது. திறந்து பல மாதம் வைத்த போத்தலையும் ஊற்றாதீர்கள்.

எதுவுமே சரிவரல. கராஜுக்குக் கொண்டுபோனா பாஸ்கிட்ட என்ன சொல்லணும்?

"பிரேக் கத்துது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சக்கரம், காலைக் குளிரிலா இறங்கிச் சூடானபிறகா, கால் வைத்தாலா எடுத்தாலா, முன்னுக்கா ரிவர்ஸிலா என்று சொல்லுங்கள். நீங்கள் தேய்த்ததும் தடவியதும் இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், ஒயில் மட்டம் குறைந்தால், மிதி இறங்கினால் அதை முதலில் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் கழற்றிய பேட்டைக் கேட்டு வாங்குங்கள். நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேய்மானம் சமமா, முகம் பளபளக்கிறதா என்று பாருங்கள். சமமில்லை என்றால் பின்களைக் கழற்றிக் கிறீஸ் போட்டாரா என்று அங்கேயே கேளுங்கள்.